இரண்டு மில்லிமீட்டர்

சாவியை மேசைமேல் வைக்கும்போதே
தங்கமுத்து சொன்னார்:
"அம்மணி, திம்பத்துல இது கப்பலாட்டம் சாயுது.
அரைக் கோடி குடுத்து வாங்குனதுங்க."

முந்தின கடையில் அதற்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள்.
கெட்டி ஸ்பிரிங். முக்கால் அங்குலம் தாழ்வு.
வளைவில் சாயவில்லைதான்.
ஆனால் சத்தி ரோட்டின் முதல் வேகத்தடையில்
பின்சீட்டுப் பூவாத்தாளுக்கு
இடுப்பின் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
யாரோ கடப்பாரை விட்டு நெம்பியதுபோல் இருந்ததாம்.
அன்றுமுதல் தாளவாடி மகள் வீட்டுக்கு
அவர் காரில் போகிறார்,
அந்தம்மா பஸ்ஸில்.

லிஃப்டில் ஏற்றினேன்.
சிங்காநல்லூர் வெயில்
ஷட்டருக்குக் கீழே ஒரு முழம் நுழைந்திருந்தது.
பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்த
பெரிய மனுசன்போல் இருந்தது கார்.
அப்பாஸ் விளக்கைப் பிடித்தான்.

பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே
குறுக்காக ஓடுகிறது ஒரு கம்பி.
விளம்பரத்தில் யாரும் அதைக் காட்டுவதில்லை.
இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால்
அது சும்மா புரண்டு கொடுக்கும்,
தூக்கத்தில் புரள்வதுபோல்.
ஒன்று ஏறி, ஒன்று இறங்கினால் மட்டும்
முறுக்கிக்கொள்ளும்:
எங்கே தனியா, இவனையும் கூட்டிட்டுப் போ.

வேகத்தடைக்கு இரண்டும் ஒன்று.
வளைவு ஒன்றை அழுத்தும், ஒன்றை விடும்.
இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான்
என் கடை வாடகை வருகிறது.

பழைய ஸ்பிரிங்கையே திருப்பி மாட்டினேன்.
அவர் முகம் சுருங்கியது.
அவர்கள் போட்ட டேம்பர் நல்ல சரக்கு, அது இருக்கட்டும்.
எழும்பும் பக்கம் இரண்டு கிளிக் இறுக்கினேன்,
அமுங்கும் பக்கம் நாலு கிளிக் தளர்த்தினேன்.
கம்பி இருபத்திரண்டு மில்லி.
கணபதிப் பட்டறையில் இருபத்துநாலில் வளைத்து,
காய்ச்சி, எண்ணெயில் குளிப்பாட்டி
மூன்றாம் நாள் அனுப்பினார்கள்.

"ரெண்டு மில்லிக்கா இத்தனை ரூவா?"
தடிமன் நாலு தரம் தன்னையே பெருக்கிக்கொள்ளுங்க,
ரெண்டு மில்லிக்கு நூத்துக்கு நாப்பது முறுக்கு கூடும் என்றேன்.
நூல் ஏஜென்ட் அவர்.
முப்பதாம் கவுன்ட்டுக்கும் முப்பத்துநாலுக்கும்
துணியில் என்ன ஆகும் என்பதைக்
கண்ணை மூடி விரலால் சொல்வார்.
அதோடு பேச்சு நின்றது.

செவ்வாய்க்கிழமை. பண்ணாரியில் நின்று கும்பிட்டு ஏறினோம்.
நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில்.
பூவாத்தாள் பின்னால், இடது ஓரம்,
மேலே கைப்பிடியைப் பற்றியபடி,
சும்மா வந்து பார்க்கிறேன் என்கிற முகத்தோடு.

முதல் கொண்டை ஊசி. இரண்டு. ஐந்து.
கார் தோளைச் சாய்த்து, உடனே நிமிர்ந்தது.
ஒன்பதில் கைப்பிடியை விட்டார்.
பன்னிரண்டில் சாத்துக்குடி உரிக்கிற வாசனை.
தங்கமுத்து திரும்பிப் பார்த்தார்.
அவர் கையிலும் ஒரு சுளை விழுந்தது.

பத்தொன்பதில்
இடது சக்கரம் ஒரு குழியில் இறங்க,
வலதும் திடுக்கிட்டது.
"அதென்னுங்?"

அது கம்பிங்க என்றேன்.
சேர்த்துக் கட்டினால்
ஒன்று பட்ட அடி மற்றதற்கும் கொஞ்சம் போகும்.
அதை மட்டும் எடுக்க முடியாது.
பில்லில் எழுதாததை
இங்கே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.
ஒரு கரும்பு லாரிக்கு ஒதுங்கி நின்றோம்.

"அது போகட்டும் உடுங்க" என்றார் பூவாத்தாள்.
"திம்பத்துல எங்கெங்க குழி இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.
எட்டு மாசம் பஸ்ஸுல வந்திருக்கறேன்."

இறங்கும்போது அவர் ஓட்டினார்.
நான் முன்சீட்டில், மடியில் சாத்துக்குடித் தோலோடு.
பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது:
"சித்தெ வலக்கைப் பக்கம்.
ஆங்.
அடுத்தது எட்டுல, அந்த ஒடஞ்ச கல்லுக்கிட்ட.
இப்பவே ஒதுங்காதீங்க, சொல்றேன்."